ஏவாத மொழிக்குச் சில வரையறைகள்

கணினிச் சொற்களுக்குக் கைதூக்கி வாக்கெடுப்பு நடத்திய ஊர் உலகத்திலேயே எங்கள் கீழ்வேளூர் ஒன்றுதான் என்று பல இடங்களில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்பது என் பிறவிக் குணம். கடைசியில் தொண்டைத் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இதில் எனக்குப் பெருமை பாதி, மானக்கேடு பாதி.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு சிறிய கணினி மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட காலம். எந்த ஆட்சி வந்தாலும் மேடைக்கு மேடை கணினித் தமிழ் என்று முழங்குவார்கள். மேடையை விட்டு இறங்கி எங்கள் மையத்துக்கு வந்து பார்த்தால், தமிழில் ஒரு வரி தட்டுவதற்கு மூன்று எழுத்துருக்களோடு சண்டை போட வேண்டியிருக்கும். எனக்குச் சண்டை நன்றாக வரும் என்பதால் தமிழ் வேலையெல்லாம் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குத்தகை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் மையத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் நான்கைந்து நீள நோட்டுகள். எந்த நிலம் யாருடையது, அதில் யார் சாகுபடி செய்கிறார்கள் என்று ஊர் ஊராக எழுதி வைத்த பட்டியல் அது. என் அப்பாவும் அம்மாவும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் குத்தகைக்குச் செய்த நிலத்தை அம்மா தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நோட்டெல்லாம் கரையான் அரிக்குது. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடு. விசாரணைன்னு கூப்பிட்டாங்கன்னா உடனே பட்டியலை எடுத்து நீட்டணும்" என்றார்.

எக்ஸ்.எம்.எல் என்ற குறிமொழியில் போட்டுவிடலாம் என்று சொல்லி டேக், எலிமென்ட், அட்ரிபியூட் என்று பத்து நிமிடம் அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. எனக்கே வெளங்கலன்னா உறுப்பினருக்கு எப்படி வெளங்கும்? புரியாத தாள்ல கைநாட்டு வச்சுக் கெட்டது போதும். நீ சொன்ன வார்த்தைக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் எழுதிக் கொண்டா. பொதுக்குழுவுல படிப்போம். சனங்க ஒத்துக்கிட்டா ஏத்து. இல்லேன்னா நோட்டே போதும்."

ஊசி போடுகிற டாக்டரிடம் ஊசிக்கு விளக்கம் கேட்பீர்களா என்று கேட்க வாய் வந்தது. அம்மாவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

வரையறை எழுதுவது சாதாரண வேலை இல்லை என்று அடுத்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். தினமும் கையாள்கிற பொருள்தான். ஆனால் அது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் போனால் பேனா நின்றுவிடுகிறது. எழுதிக் கிழித்த தாள்களைப் பார்த்து மையத்தின் முதலாளி, கவிதையா எழுதுகிறாய் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் நாலு தாளைக் கிழித்தேன்.

நடவு முடிந்து களையெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய இடைவெளியில் பொதுக்குழு கூடியது. சங்கக் கட்டடத்தில் ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் கால் கழுவியும் சேறு போகாத கெண்டைக்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் முதல் ஆளாக என் அம்மா, மகள் பேசப்போகிற மிடுக்கில். பெரிய பழுப்புத் தாள்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

குறியிடல் என்பது, ஒரு செய்தி என்ன செய்தி என்று அடையாளம் தெரிவதற்காக அதன் முன்னும் பின்னும் குறி போடுவது. இதை வாசித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "நாத்தங்கால்ல எது எந்த ரகம்னு தெரியறதுக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி நடுவோமே, அந்த மாதிரியா?" அதேதான் என்றேன். சட்டென்று எல்லாக் கையும் உயர்ந்தது. இது அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். டேக் என்பதற்குக் குறி என்று எழுதியிருந்தேன். சங்கத்து உறுப்பினரான பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் அது போதாது என்று எழுந்து, தானே ஆக்கிய ஒரு சொல்லைச் சொன்னார். அதில் ஏழெட்டு அசை இருந்தது. எனக்கு இன்றுவரை முழுதாக நினைவுக்கு வந்ததில்லை.

"சார், அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மேட்டூர்த் தண்ணி கடைமடைக்கே வந்துடும்" என்றார் முன் வரிசைக்காரர்.

கூட்டமே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். குறி நிலைத்தது.

இந்த மொழி என்ன வகை மொழி என்பதை விளக்கும் வரியில்தான் நேரம் போனது. பொதுவாகக் கணினிக்கு எழுதுவதெல்லாம் கட்டளை: இதைச் செய், பிறகு அதைச் செய். இது அப்படி இல்லை. 'என்ன செய்ய வேண்டும் என்று ஏவாமல், என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும் மொழி' என்று எழுதியிருந்தேன். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

"அப்ப இதுல யாரும் யாரையும் ஏவ மாட்டாங்களா?" என்று கேட்டாள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"மாட்டாங்க அத்தை. இருக்கறதை இருக்கறபடி சொல்றதோட சரி."

"நல்ல மொழிதான். இத்தனை நாளா எங்க இருந்துச்சாம்?"

ஏவாத மொழி என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள். தமிழாசிரியர்தான் முதலில் கை தூக்கினார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வரையறை இத்தனை சந்தோஷமாக வரவேற்கப்பட்டிருக்காது.

அந்த மிதப்பில் மற்றவற்றையும் வேகமாக வாசித்தேன். உறுப்பு என்பது திறக்கும் குறியும் மூடும் குறியும் இடையில் உள்ளதும் சேர்ந்தது. உள்ளுறுப்பு என்பது இன்னொரு உறுப்புக்குள் அடங்கியது. வெளியுறுப்பை நீக்கினால் தானும் நீங்குவது. இதற்கு எடுத்துக்காட்டாகப் பட்டியலின் அமைப்பையே வரைந்து வைத்திருந்தேன். ஊர் என்ற பெரிய கட்டம், அதற்குள் உரிமையாளர், உரிமையாளருக்குள் நிலம், நிலத்துக்குள் சாகுபடிதாரர். கட்டத்துக்குள் கட்டமாக அழகாக வந்திருந்தது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. என் அம்மாவின் கையும்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

ஏன் யாரும் கேட்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள, எந்தப் பண்ணை என்றுதான் கேட்பார்கள். அப்பாவின் தலைமுறையில் பண்ணையாள் என்ற பேச்சே ஒழிந்து, கொடி பிடித்து, மறியல் செய்து, அடி வாங்கி, குத்தகைப் பதிவு வரைக்கும் வந்தாயிற்று. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. சங்கத்து நோட்டிலும் மேலே மிராசுதார் பெயர், கீழே வரிசையாகச் சாகுபடி செய்கிறவர்கள். நான் அதைப் பார்த்து அப்படியே கட்டம் போட்டேன். அதில் தப்பு இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

சம்பா அறுவடை முடிந்தது. சங்கத்துக்கு வரும் கிரயப் பத்திர நகல்களை வைத்து அவ்வப்போது பட்டியலைத் திருத்துவதும் என் வேலையாக இருந்தது. ஒரு மத்தியானம் கத்தையாகப் பத்திரங்கள் வந்தன. நிலம் விற்ற உரிமையாளரை நீக்குவேன். வாங்கியவரைச் சேர்த்து, பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணைத் தட்டுவேன். சரிபார்க்கும் நிரல், பிழை ஏதும் இல்லை என்று சொல்லும். அடுத்த பத்திரம். டீ வருவதற்குள் முடித்துவிட்டேன்.

அந்தக் கத்தையில் எங்கள் நிலமும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நோட்டிலிருந்து அம்மா பெயரைத் தட்டியது நான்தான்; ஆனால் அது யார் பெயருக்குக் கீழே இருந்தது என்பது நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே மறந்துபோயிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வயலுக்கு நாவமரத்தடி என்றுதான் பெயர். சர்வே எண்ணை நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. உரிமையும் பாகப்பிரிவினையில், சென்னையிலிருந்த பழைய மிராசுதாரின் பேத்தி ஒருவருக்குப் போயிருந்தது. அந்தப் பெயரைப் பத்திரத்தில் பார்த்தபோது எனக்குப் பொறி தட்டவில்லை.

வாங்கியவர் சாமர்த்தியசாலி. நிலத்தில் குத்தகைதாரர் யாரும் இல்லை, இருந்தவர் இறந்துவிட்டார் என்று மனு கொடுத்துவிட்டார். அப்பா பெயரில் இருந்த குத்தகைப் பதிவை அம்மா பெயருக்கு மாற்றச் சங்கத்தின் மூலம் அவள் கொடுத்த மனுவும் அப்போது நிலுவையில் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் இரண்டையும் சேர்த்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாதான் சாகுபடி செய்கிறாள் என்று நிரூபணமானால் நிலம் அவள் கையில் இருக்கும். இல்லையென்றால் ஆற்றில் தண்ணீர் வந்ததும் வாங்கியவரின் டிராக்டர் நாவமரத்தடியில் இறங்கிவிடும். அம்மாவுக்கு அந்த வயலைத் தவிர வேறு வயல் இல்லை.

செயலாளர் சங்கத்துப் பட்டியலை அச்செடுத்து எடுத்து வந்தார். விசாரித்த அதிகாரி என் வயதுதான் இருக்கும், நிதானமான பெண். சர்வே எண்ணைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார். பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"உங்க சங்கத்துப் பட்டியல்லயே உங்க பேரு இல்லையேம்மா."

எதிர்த்தரப்பு வக்கீல் உடனே, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீதானேடி ஏத்துன?"

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. செயலாளர், சங்கத்து நோட்டில் பெயர் இருக்கிறது, ஏற்றியதில் பிசகு என்று மன்றாடினார். அதிகாரி பத்து நாள் தவணை கொடுத்தார். திருத்திய பட்டியல் வேண்டும். முதல் பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கமும் வேண்டும் என்றார்.

பேருந்தில் நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். அவளுடைய கோபம் அப்படித்தான், தின்று தீர்ப்பாள். பொட்டலம் காலியானதும் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அழுது என்ன ஆவப்போவுது? நான் எங்க போனேன்னு எனக்குக் காட்டு."

மறுநாள் என்னோடு தஞ்சாவூருக்கே வந்துவிட்டாள். செருப்பை மையத்து வாசலில் விட்டுவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். பழைய கோப்பின் நகல் ஒன்று இருந்தது. அதைத் திறந்தேன். உரிமையாளர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னக் கூட்டல் குறி; அதை அழுத்தினால்தான் உள்ளே இருப்பது விரியும். அழுத்தினேன். நிலம் வந்தது. அதன் கூட்டல் குறியை அழுத்தினேன். அம்மாவின் பெயர் வந்தது. நான் அன்று அழுத்திப் பார்க்காமலே அத்தனையையும் சேர்த்து நீக்கியிருக்கிறேன். பத்திரத்தில் அம்மாவின் பெயர் இல்லை, அதனால் புதிதாகச் சேர்த்ததிலும் இல்லை. சாகுபடிதாரர் இல்லாவிட்டால் பிழை என்று நான் வரையறுக்கவில்லை, அதனால் நிரலும் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"மேல இருக்கறது யாரு?"

"உரிமையாளர்."

"நான் ஏன் அவங்களுக்குள்ள இருக்கேன்?"

"நிலம் அவங்களுதும்மா. அதனால..."

"நிலந்தான் அவங்களுது. நானுமா?"

எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கிற நான், விரித்த கட்டங்களை ஒவ்வொன்றாக மூடினேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அப்பாவும் அவளும் ஆயுசு முழுக்கப் போராடி வெளியே வந்த இடத்துக்குள், கூலி வாங்கிக்கொண்டு, அழகாகக் கட்டம் போட்டு, அவளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

மூன்றாம் நாள் அவசரப் பொதுக்குழு கூடியது. தவறு என்னுடையது என்று எழுந்து சொன்னேன். அந்தக் கத்தையில் இருந்த மற்றக் குடும்பங்களின் பெயர்களும் அப்படியே விடுபட்டிருந்தன. அந்த நகலையும், செயலாளர் எறியாமல் வைத்திருந்த நோட்டையும் வைத்து மீட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. நாமதானே கை தூக்கினோம் என்றார் முன் வரிசைக்காரர். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருத்தத்தை முன்மொழிந்தது அம்மா. பழுப்புத் தாளுக்கு முன்னால் வந்து நின்று, ஆள்காட்டி விரலால் என் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசினாள்.

"ஊருக்குள்ள நெலம் இருக்கட்டும். நெலம் எங்கயும் போவாது. நெலத்துக்குள்ள சொந்தக்காரவங்க ஒரு கட்டம், செய்றவங்க ஒரு கட்டம். பக்கத்துல பக்கத்துல. அவங்க வித்துட்டுப் போனா அவங்க கட்டந்தான் போவணும், நாங்க அப்படியே இருக்கணும். நாங்க போனாலும் அப்படித்தான்."

"யாரும் செய்யாத நிலமா இருந்தா?" என்று தமிழாசிரியர் கேட்டார்.

"தரிசுன்னு எழுதுங்க சார். வெறுமையா மட்டும் வுடாதீங்க."

ஆசிரியர் அதை ஒரு வரையறையாகச் சீர்படுத்திக் கொடுத்தார். இந்த முறை நீளச் சொல் எதையும் நுழைக்கவில்லை. 'சாகுபடிதாரர்: நிலம் என்னும் உறுப்புக்குள், உரிமையாளர் என்னும் உறுப்புக்குப் பக்கத்தில், கட்டாயம் இருக்க வேண்டிய உறுப்பு.' கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன்; நான் உறுப்பினர் இல்லைதான், ஆனால் செயலாளர் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கே போய் முழுப் பட்டியலையும் மாற்றிக் கட்டினேன். சாகுபடிதாரர் இல்லாத நிலம் எதையாவது சேர்க்கப் பார்த்தால் நிரல் இப்போது முரண்டு பிடித்தது. அந்த முரண்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். வேண்டுமென்றே நாலைந்து முறை தப்பாகச் சேர்த்துப் பார்த்தேன்.

இரண்டாவது விசாரணையில் பட்டியலோடு, வரையறைகளையும் தீர்மானத்தையும் விளக்கமாக இணைத்துக் கொடுத்தோம். விளக்கத்தின் கீழே என் கையெழுத்து. அதிகாரி எல்லாவற்றையும் வாசித்தார். ஏவாத மொழி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் வாசித்தார். பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சி சொன்னார்கள். வக்கீல் விடவில்லை. அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இறந்த பிறகு யார் சொல்லி வயல்ல இறங்கினீங்க?" என்று கேட்டார்.

"யாரும் ஏவலைங்க" என்றாள் அம்மா. "யாரு சொன்னாங்க, எப்படி எறங்குனேன்னு இந்தத் தாள்ல இருக்காது. நான் இருக்கேன்னு மட்டும் இருக்கும். இருக்கேனா இல்லையான்னு பாருங்க."

நான் இரண்டு வாரம் தாள் கிழித்துத் தேடிய வரையறையை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அதிகாரி அதை அப்படியே எழுதச் சொன்னார்.

அம்மா பெயரில் பதிவு செய்ய உத்தரவானது. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது நாவமரத்தடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த டிராக்டர்தான் இறங்கியது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு சென்னையில் பெரிய நிறுவனங்களில் எவ்வளவோ அமைப்புகள் வரைந்தாயிற்று. யாராவது கட்டத்துக்குள் கட்டம் போட்டால், வெளியே உள்ளது போனால் உள்ளே யார் போவார்கள் என்று இன்றைக்கும் சண்டைக்கு நிற்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு தொல்லை.

உத்தரவு வந்த வாரத்தில் அம்மா தன் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கேட்டாள். கொடுத்தேன். திறக்கும் குறியிலிருந்து மூடும் குறி வரைக்கும் விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டு போனாள். தன் பெயரில் விரல் நின்றது. பிறகு மேல் வரிக்குப் போய், நிலத்தை வாங்கியவரின் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவர் மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"பக்கத்துலதான் இருக்காரு" என்றாள். "இருக்கட்டும்."